கிராஃப் தாளில் வந்த மியூசிக்

என் வீட்டுக்காரர் பெயர் வரதராஜன். காஞ்சிபுரத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அட்டைக்கார வரதராஜன் என்று கேட்க வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் சின்னக் குழந்தைகூட எங்கள் வீட்டைக் காட்டிவிடும். ஜக்கார்டு தறியின் மேலே ஓட்டை ஓட்டையாக அட்டைகள் கோர்த்துத் தொங்குமே, அதற்கு டிசைன் போடுகிறவர். புடவை பார்டரில் மயில் வேண்டும் என்றால் முதலில் இவர் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மயிலைப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. இவரும் கற்றுக்கொண்டார், வேலையும் முன்பைவிட அதிகம் வருகிறது. ஆனாலும் எதையாவது யோசிக்க வேண்டும் என்றால் கை கிராஃப் தாளைத்தான் தேடும். மளிகை லிஸ்ட்டைக்கூடக் கட்டத்துக்குள் எழுதுகிற மனிதர்.

நான் துர்கா. ரேஷன் கடையில் பில் போடுகிறேன். மெஷினில் கைரேகை விழாதவர்களின் கோபத்தையெல்லாம் காலையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் என்பதால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கு வாய் இருப்பது சாப்பிட மட்டும்தான். முப்பது வருடத்தில் முதல் முறையாக அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஆறப்போட்டால் மனசு மாறிவிடும், எழுதிவிடுகிறேன்.

அவருக்கு மாகறலில் விவசாயக் குடும்பம். பதினேழு வயதில் அட்டை அடிக்கும் கடைக்கு வேலைக்கு வந்தார். தொண்ணூற்றொன்றில் முதலாளி கிராஃப் தாள் வாங்கிவரச் சொல்லி மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கிறார். போன இடத்தில் பாரிமுனை நடைபாதையில் சினிமாப் பாட்டு என்று நினைத்து ஒரு கேசட் வாங்கிக்கொண்டு வந்தார். மேலே இருந்தது சினிமாப் படம், உள்ளே இருந்தது வேறு கேசட். போட்டால் ஆர்கனும் கிடாரும் டிரம்ஸும் வருகிறது, பாட்டுக்காரனைக் காணோம். இப்போது பாடுவான், இப்போது பாடுவான் என்று காத்திருந்தாராம். முதல் மியூசிக் மூன்று நிமிஷம் ஓடி முடிந்துவிட்டது, கடைசி வரைக்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை. இவருக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

அது அறுபதுகளில் அமெரிக்காவில் கறுப்பர்களும் வெள்ளைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தது, ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று ஒரு வகை என்பதெல்லாம் பல வருடம் கழித்து எங்கள் மகன் கமல் ஃபோனில் தேடிச் சொன்னபோதுதான் தெரியும். பெயரையும் சொன்னான். எங்கள் யாருக்கும் வாயில் நுழையவில்லை. வீட்டில் அதற்குப் பெயர் 'அந்த மியூசிக்'. கலைந்துபோன ஒரு கச்சேரிக் கோஷ்டியிடமிருந்து பழைய கிடார் ஒன்றை வாங்கி, கேசட்டோடு கூடவே வாசித்து வாசித்து கிடார் பகுதியைப் பிடித்துவிட்டார். நான் கல்யாணம் ஆகி வந்த முதல் வாரமே அதைக் கேட்டேன். ஆர்கன் ஒரு பேச்சுப் பேசும், கிடார் குறுக்கே வந்து சுருக்கென்று ஒன்று சொல்லிவிட்டுப் போகும். இவரிடம் கிடார் மட்டும்தான் இருந்தது. ஆகவே முப்பது வருடமாக எங்கள் வீட்டில் குறுக்குப் பேச்சு மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

போன கார்த்திகையில் கமலுக்குக் கல்யாணம் ஆனது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு அவனைத் தினமும் கூட்டிப்போன கம்பெனி பஸ்ஸின் டிரைவர் சிட்டிபாபு. நாலு வருடம் அந்த பஸ்ஸில் போய் வந்தவன் டிரைவர் மகளையே கட்டிக்கொள்கிறேன் என்றான். சிம்ரன் என்று பெயர். லேப் டெக்னீஷியன் படித்திருந்தாள். சுங்குவார்சத்திரம் பக்கம் வீடு. அவர்கள் சாதி வேறு, சாமி வேறு. எனக்குப் பெண்ணைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஊரே ரேஷன் கடையில் என் முன்னால் வந்து நிற்கிறது, கைரேகையில் எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரிந்ததில்லை.

அவரும் சரி என்றுதான் தலையாட்டினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாகறலிலிருந்து அவருடைய அண்ணன் வீராசாமி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தார்.

"நீ அந்த சர்ச்சுல போயி நின்னேன்னா, அண்ணன் செத்துட்டான்னு நெனச்சுக்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் காலையில் இவர் குளித்து, வேட்டி கட்டி, சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். கார் வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் நான் ஒருத்தியாகப் போய் மாப்பிள்ளை வீட்டுக்காரி என்று நின்றேன். அந்தப் பக்கம் அத்தனை பேர், இந்தப் பக்கம் நான் ஒருத்தி. ஃபோட்டோ எடுக்கிறவன், "மாப்பிள்ளையோட அப்பா எங்கம்மா?" என்று மூன்று தடவை கேட்டான்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. அவள் கூடத்துக்கு வந்தால் இவர் எழுந்து உள்ளே போவார். அவள் காபி வைத்தால் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். நான் அதை வீம்பு என்றே நினைத்தேன். சிம்ரன் வெறுப்பு என்று நினைத்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டு எழுவாள்.

ஆனி மாதம் கமல் என்னிடம் வந்தான்.

"மா, நாங்க ஸ்ரீபெரும்புதூர்ல வீடு பாத்துட்டோம். அப்பா அவகிட்ட ஒரு வார்த்த பேசினா இங்கியே இருக்கறோம். இல்லன்னா கெளம்பிடறோம். போனா, சும்மா வந்து போறதெல்லாம் கெடையாது. அவள தெனமும் இப்டி பாக்க என்னால முடியல."

பையன் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது. நல்லவேளை, அந்த வீட்டு ஓனர் ஆடி மாதம் யாருக்கும் சாவி தர மாட்டாராம், ஆவணி பிறந்து பால் காய்ச்சிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். முகம் தெரியாத அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு. எங்களுக்கு ஒரு மாதம் கிடைத்தது.

ஆடி முதல் ஞாயிறு, அம்மன் கோயில் ஸ்பீக்கர் கொஞ்சம் ஓய்ந்திருந்த சாயங்கால நேரம். சிம்ரன் அம்மா வீட்டிலிருந்து அவளுடைய கீபோர்டைக் கொண்டுவந்திருந்தாள். சின்ன வயதிலிருந்து சர்ச்சில் வாசிக்கிறவள். கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக ஒரு ஞானப் பாட்டு வாசித்தாள், ஆர்கன் சத்தத்தில். இவர் கூடத்தில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. பாட்டு முடிகிற வரை வாயில் போட்டதை மெல்லவில்லை. எழுந்து கை கழுவினவர், மேஜையில் கிராஃப் தாளை விரித்து உட்கார்ந்தார்.

நாலு நாள் விடாமல் போட்டார். கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, ஒரு கட்டம். ஓடவிட்டு, நிறுத்தி, ஒரு கட்டம். அந்த மியூசிக் பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டு, ஓடி ஒரு சுற்று முடிந்து மறுபடி ஆரம்பிக்கும், பார்டரில் ஒரு டிசைன் முடிந்து மறுபடி வருவது போல. அந்த ஒரு சுற்றின் ஆர்கன் பகுதி முழுவதையும் சிவப்புப் புள்ளிகளாகப் போட்டுவிட்டார். குறுக்கே ஒவ்வொரு கட்டமும் கீபோர்டில் ஒரு கட்டை, வரிக்கு வரி நேரம் நகரும். தாளின் மேல் ஓரத்தில் கட்டைகளின் இங்கிலீஷ் எழுத்துகளும் எழுதியிருந்தார்.

ஐந்தாம் நாள் என்னிடம் நீட்டினார்.

"இந்தா. இத்த அந்தப் பொண்ணுகிட்ட குடு."

"அந்தப் பொண்ணுக்கு ஒரு பேரு இருக்குது" என்றேன்.

அவர் தாளை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சிம்ரன் முதலில் புடவை டிசைன் என்றே நினைத்தாள். எழுத்துகளைப் பார்த்ததும் கண் பெரிதாகியது.

"அத்தை, இது நோட்ஸ்! மாமா எனக்கா குடுத்தாரு?"

"பின்ன எனக்கா? எனக்கு பில் மெஷின்ல கட்டைய அழுத்தறதோட சரி."

அவள் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எட்டு மாதத்தில் அவரிடமிருந்து அவளுக்கு வந்த முதல் பேச்சு அதுதான். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். டியூட்டி முடிந்து வந்து, முகம் கழுவி, ஒரு மணி நேரம். நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் அந்த மியூசிக்கை முப்பது வருடம் கேட்டவள். இது அதுவாக இல்லை. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே தொடங்கியது, எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே நின்றது. நடுவில் பாத்திரம் உருண்ட மாதிரி ஒரு இடம். பழகப் பழகச் சரியாகும் என்று நினைத்தேன். பழகப் பழக இன்னும் தெளிவாக மோசமானது.

இவர் அடுத்த அறையில் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, சேர்ந்துகொள்ள இடம் பார்த்துப் பார்த்து, கையை எடுத்துவிடுவார்.

"இன்னாங்க, சரியா வாசிக்குதா?" என்று கேட்டேன்.

"அது கரெக்டாத்தான் வாசிக்குது. படிச்ச பொண்ணு. என் கிராஃப்லதான் தப்பு இருக்கும்" என்றார்.

தன் தாளை எடுத்துப் புள்ளி புள்ளியாகச் சரிபார்த்தார். ஒரு புள்ளிகூட மாறவில்லை. அப்படியென்றால் முப்பது வருடமாகத் தன் காதுதான் தப்பாகக் கேட்டிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார். எழுந்து போய் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கிற யோசனை வந்ததா? வரவில்லை. தன் காதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார்.

ஆறாம் நாள் சாயங்காலம் கீபோர்டு பாதியில் நின்றது. போய்ப் பார்த்தால் சிம்ரன் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள்.

"அத்தை, இது பாட்டே இல்ல. ஆறு நாளா வாசிச்சுக்கினு இருக்கறேன். மாமாவுக்கு என்னயப் புடிக்கலன்னா நேரா சொல்லலாம்ல? இப்டி எதுக்குத் தப்பு தப்பா எழுதிக் குடுத்து கிண்டல் பண்ணணும்? ஆவணி எப்ப வரும்னு இருக்குது எனக்கு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ரேஷன் கடையில்கூட அப்படிக் கத்தியதில்லை.

"யோவ், வாய்யா இங்க! நாலு நாளு குந்தினு இன்னாத்தய்யா கிறுக்கின? பொண்ண அழ வச்சுட்டு உள்ள குந்திக்கினு கிடாரத் தடவறியே, நீ எல்லாம் ஒரு மாமனாரா?"

அவர் வாசல்படிவரை வந்து நின்றார். மருமகளின் அறைப் படியில் அவர் வந்து நின்றதே அன்றைக்குத்தான். சிம்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே கேளுங்க" என்பது போலத் தாளை ஸ்டாண்டில் வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். இடது கை விரலால் தாளில் வரியைத் தொட்டுக்கொண்டே போனாள். எழுத்துகள் இருந்த மேல் வரியில் ஆரம்பித்து, இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று கீழே இறங்கியது விரல்.

அவர் அந்த விரலையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"எம்மா, மேலேர்ந்தா நெய்வாங்க?"

சிம்ரன் நிறுத்தினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. அவளுக்கு அதன் அர்த்தமும் புரியவில்லை.

"பின்ன எங்கேர்ந்து மாமா?"

"அடியிலேர்ந்தும்மா! மொதல் இழ அடியிலதான விழும்? துணி கீழேர்ந்து மேலதான வளரும்?"

நான் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், எனக்கே அப்போதுதான் உறைத்தது. முப்பத்தெட்டு வருடமாக டிசைன் போடுகிற கைக்கு ஒரு தாளின் ஆரம்பம் என்றால் அடி வரிதான். அது ஒன்றுதான் வழி என்று நினைத்து, சொல்லவும் தோன்றவில்லை அவருக்கு. பாவம், சுங்குவார்சத்திரத்தில் வளர்ந்த பெண், படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் படிப்பதுபோல மேலிருந்து படித்திருக்கிறாள். அந்த மியூசிக்கை ஆறு நாளாக வாலிலிருந்து தலைக்கு வாசித்திருக்கிறாள், அதையும் ஒரு புள்ளி பிசகாமல்.

சிம்ரன் தாளைத் தலைகீழாகத் திருப்பப் போனாள்.

"திருப்பாதம்மா, திருப்பினா லெஃப்ட்டு ரைட்டு மாறிடும். அப்டியே வச்சுக்கினு அடியிலேர்ந்து மேல ஏறு."

அவள் ஏறினாள். இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மியூசிக்! கேசட்டுக்கு வெளியே, என் வீட்டு அறைக்குள். சிம்ரன் வாசித்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இவர் ஓடிப்போய் கிடாரை எடுத்துவந்து, படியிலேயே உட்கார்ந்து, இரண்டாவது சுற்றில் தன் இடத்தில் சுருக்கென்று நுழைந்தார். முப்பது வருடமாக எதிர்ப்பேச்சு இல்லாமல் பேசிக்கொண்டிருந்தவருக்கு அன்றைக்குப் பதில் வந்தது. அவருடைய கண்ணில் தண்ணீரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு தினமும் வாசித்தார்கள். பேச்சும் வந்தது. "அந்த எடத்துல கொஞ்சம் இழு", "மாமா, நீங்க முந்தறீங்க", அவ்வளவுதான், ஆனால் பேச்சு. டிரம்ஸுக்குக் கீபோர்டிலேயே தாளம் இருந்தது. கமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான். ஆனால் வீட்டு விஷயத்தில் அவன் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் காரணம் புரிந்தது. நாலு சுவருக்குள் மருமகளோடு கிடார் வாசிப்பது ஒன்று. அண்ணன் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் இவள் என் மருமகள் என்று சொல்வது வேறு. அந்தக் கார்த்திகைக் காலையில் எழுந்திருக்காதவர் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார்.

ஆடிக் கடைசி ஞாயிறு கமல் அதை ஃபோனில் வீடியோ எடுத்தான். தெருவில் கூழ் ஊற்றி முடித்து ஸ்பீக்கரை நிறுத்தின அரை மணி நேரத்தில் எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை நன்றாக வந்தது. எல்லாருமாக அதைப் போட்டுப் பார்த்தோம். இவர் தன் ஃபோனை எடுத்துக் கமலிடம் நீட்டினார்.

"இத்த எனக்கு அனுப்பு. நம்ம குரூப்ல போடணும்."

நம்ம குரூப் என்றால் 'மாகறல் சொந்தங்கள்'. அதில் நாற்பத்து மூன்று பேர். வீராசாமி மாமாதான் அதற்குத் தலை. காதுகுத்து, வளைகாப்பு, யாருடைய மாடு கன்று போட்டது என்பது வரை எல்லாம் வரும். கமல் கல்யாணம் பற்றி மட்டும் ஒரு ஃபோட்டோ வந்ததில்லை, ஒருத்தர் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

கமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். "நான் போட்டுத் தரட்டுமாபா?"

"வேணாம். நானே போடறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். ஒரு வரிக்குப் பத்து நிமிஷம் ஆனது. அனுப்பிவிட்டு ஃபோனை மேஜைமேல் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். வீடியோவுக்குக் கீழே இப்படி இருந்தது:

'கீபோர்டு வாசிப்பது என் மருமகள் சிம்ரன். கூட வாசிப்பது நான். இவர்கள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அது என் தப்பு.'

ஐந்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. பிறகு திரையில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. வீராசாமி குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார். கூடப் பிறந்தவர் ஒரே ஒருவர்தான் இவருக்கு. நான் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை வருடம் ஆயிற்றோ அப்படிப் பிடித்து.

"கார் வந்து நின்னப்போ எழுந்திருக்கணும்னுதான் பாத்தேம்மா" என்றார் சிம்ரனிடம். "காலு வரல. அப்பறம் உன் மூஞ்சியப் பாக்க வெக்கமா போச்சு. நீ காபி வைக்கும்போதெல்லாம் வெக்கமா இருக்கும். வெறுப்பு இல்லம்மா. ஒரு நாளும் இல்ல."

ஃபோன் மறுபடி சத்தம் போட்டது. செல்லியம்மாள் அக்கா, வீராசாமி மாமாவின் சம்சாரம். வாய்ஸ் மெசேஜ். பின்னால் மாமா கத்துவதும் கேட்கிறது, அதற்கு மேலே அக்கா குரல்: "வரதா, பொண்ணு சூப்பரா வாசிக்குதுபா. இவரு கெடக்கறாரு. நீ மருமகள ஒரு நாளு இட்டுக்கினு வா."

கமல் எழுந்து வெளியே போய் யாருக்கோ ஃபோன் போட்டான். "சார், அந்த வீடு... வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க சார். சாரி சார்" என்றது ஜன்னல் வழியாகக் கேட்டது. நான் கீபோர்டு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் சிம்ரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார் போல. மன்னித்துவிட்டேன் என்றோ, பரவாயில்லை மாமா என்றோ. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"மாமா, ஒண்ணு சொல்லட்டா? உங்க கிடாருல மேல் கம்பி ரெண்டும் சுதியே சேரல. மொத நாளேர்ந்து சொல்லணும்னு இருக்கறேன், பயமா இருந்துச்சு. இத்த எப்டித்தான் இத்தன வருஷமா வாசிச்சீங்களோ. குடுங்க இப்டி."

இவர் கிடாரை நீட்டினார். சிம்ரன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே முடுக்க ஆரம்பித்தாள். இந்த வீட்டில் அவரைத் திட்டுவதற்கு முப்பது வருடமாக நான் ஒருத்திதான் இருந்தேன். இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டோம், சாமிக்கு நன்றி, எந்தச் சாமியாக இருந்தாலும் சரி.